ஐடஹோவை உருளைக்கிழங்கோடு முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வாராவாரம் வரும் அமெரிக்க மாநிலங்கள் வரிசையில் இந்த முறை ஐடஹோ வந்திருந்தது. மொத்தம் நான்கு வரி. தலைநகர் போய்சி, உருளைக்கிழங்குக்குப் பெயர் பெற்றது, 1890 இல் 43ஆவது மாநிலமாகச் சேர்ந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் போட்ட படத்தில் சமதரையில் கண்ணுக்கெட்டிய தூரம் சோளம் நிற்கிறது. அது அயோவாவைக் காட்டும் படம். ஐடஹோவுக்கும் அயோவாவுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான மைல் இருக்கிறது, நடுவில் ரொக்கி மலைத்தொடரே நிற்கிறது. பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைக்கிற பக்கம் என்பதால் திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் திருத்தத்துக்காக மட்டும் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நான் தம்பலகாமத்தில் இருக்கிறேன், திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன், வீட்டுக்குக் கொஞ்சம் வயலும் உண்டு, அதற்குப் பாய்வது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். அமெரிக்காவில் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் ஊன்றிப் படிக்கவேண்டிய மாநிலம் எது என்று என்னைக் கேட்டால் கலிபோர்னியா என்றோ நியூயோர்க் என்றோ சொல்லமாட்டேன், ஐடஹோ என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன், கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரப்பில் அது இலங்கையைப் போல மூன்று மடங்குக்கும் மேல், சுமார் 216,000 சதுர கிலோமீற்றர். சனத்தொகை 2020 கணக்கெடுப்பில் 18 இலட்சத்துச் சொச்சம்தான். நிலத்தில் அறுபது வீதத்துக்கும் மேல் மத்திய அரசின் கையில், பெரும்பாலும் காடும் மலையும் வறண்ட புல்வெளியும். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், தெற்கே அகன்ற பெட்டி மாதிரி இருக்கும் நிலம் வடக்கே போகப்போக ஒடுங்கி, கனடா எல்லையைத் தொடும் இடத்தில் ஏறக்குறைய 45 மைல் அகலத்துக்கு வந்துவிடும். இப்படி ஒரு வடிவம் இயற்கையாக வராது. அது எப்படி வந்தது என்பதிலேயே அந்த மாநிலத்தின் முதல் முப்பது வருடக் கதை இருக்கிறது.

1860 இல் இன்றைய பியர்ஸ் என்ற ஊர் இருக்கும் இடத்தில் தங்கம் கண்டார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் மலைக்குள் இறங்கினார்கள், இவர்களை ஆள ஒரு நிர்வாகம் வேண்டும் என்று 1863 மார்ச்சில் ஐடஹோ பிரதேசத்தை அமைத்தார்கள். அப்போது இன்றைய மொன்டானா முழுவதும், வயோமிங்கின் பெரும்பகுதியும் அதற்குள் இருந்தன, டெக்சாஸை விடப் பெரிய நிலம். அடுத்த வருடமே மொன்டானாவைப் பிரித்தார்கள், பிட்டர்ரூட் மலைமுகடு எல்லையானது, 1868 இல் வயோமிங் தனிப் பிரதேசமானது. வெட்டியெடுத்தவை போக மீந்ததுதான் ஐடஹோ. முதல் தலைநகர் வடக்கே ஆற்றங்கரையில் இருந்த லூயிஸ்டன். தெற்கே போய்சிப் பக்கம் தங்கம் கிடைத்துச் சனம் அங்கே கூடியதும், சட்டசபை தலைநகரைத் தெற்கே மாற்றத் தீர்மானித்தது, லூயிஸ்டன்காரர் மறித்தார்கள், கடைசியில் 1865 இல் படைவீரர் துணையோடு பிரதேசத்தின் முத்திரையையும் ஆவணங்களையும் எடுத்துப் போகவேண்டி வந்தது. அந்தக் கோபம் ஆறவே இல்லை. 1887 இல் வடபகுதியை வாஷிங்டன் பிரதேசத்தோடு சேர்க்கும் சட்டமூலம் காங்கிரசின் இரண்டு சபைகளிலும் நிறைவேறிவிட்டது, ஜனாதிபதி கிளீவ்லாந்து கையெழுத்துப் போடாமல் விட்டதால்தான் ஐடஹோ உடையாமல் தப்பியது. வடக்கைச் சமாதானப்படுத்த 1889 இல் பல்கலைக்கழகத்தை அங்கே மொஸ்கோ என்ற ஊருக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கும் ஒரே மாநிலத்தில் வடக்குக்கு ஒரு நேரம், தெற்குக்கு ஒரு மணித்தியாலம் முந்திய இன்னொரு நேரம், சால்மன் ஆறுதான் ஏறக்குறைய எல்லை.

எல்லை வரைந்தவர்கள் நிலத்தைப் பார்க்காமல் வரைந்தார்கள் என்பதற்கு இன்னொன்று. ஐடஹோவின் முதலாவது நிரந்தரக் குடியேற்ற ஊர் என்று சொல்லப்படுவது தென்கிழக்கு மூலையில் உள்ள ஃப்ராங்ளின். 1860 இல் வந்து குடியேறிய மோர்மன் சமயத்தார் தாங்கள் யூட்டாவில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள். 1872 இல் நில அளவை செய்தபோதுதான் ஊர் ஐடஹோவுக்குள் கிடப்பது தெரிந்தது.

அந்த எல்லைகளுக்குள் ஏற்கனவே ஆட்கள் இருந்தார்கள் என்பதை உங்கள் நான்கு வரியில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் தாங்காத இடம் இதுதான். வடக்கே நெஸ் பெர்ஸ் மக்கள், தெற்கே ஷோஷோனி, பானக் மக்கள், இன்னும் வடக்கே கோர் டலேன், கூட்டனாய் என்று பலர். 1805 இல் லூயிஸும் கிளார்க்கும் அரசாங்கத்தின் பயணக்குழுவோடு லெம்ஹி கணவாயைக் கடந்து வந்தபோது, அவர்களோடு வந்த சாக்காஜவேயா அந்தப் பக்கத்து ஷோஷோனிப் பெண். அங்கே எதிரில் வந்த தலைவர் அவருடைய சொந்தச் சகோதரன். அந்த மக்கள் குதிரை கொடுத்திராவிட்டால் குழு மலையைத் தாண்டியிருக்காது. செப்டெம்பரில் லோலோ பாதையால் பட்டினியோடு இறங்கிய அவர்களுக்கு வீப்பி புல்வெளியில் கமாஸ் கிழங்கும் சால்மன் மீனும் கொடுத்து உயிர் மீட்டவர்கள் நெஸ் பெர்ஸ்.

அவர்களுக்குக் கிடைத்த பதில் என்ன? 1855 உடன்படிக்கையில் சுமார் 75 இலட்சம் ஏக்கர் அவர்களுடையது என்று ஒப்புக்கொண்டார்கள். நான் மேலே சொன்ன தங்கம் கிடைத்தது அந்த நிலத்துக்குள்தான். உடனே 1863 இல் இன்னொரு உடன்படிக்கை, பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. நிலத்தை இழக்க இருந்த தலைவர்கள் கையெழுத்துப் போடவில்லை, போட்டவர்களுடைய நிலம் பெரும்பாலும் புதிய எல்லைக்குள்ளேயே இருந்தது. 1877 இல் மற்றவர்களையும் முப்பது நாளில் உள்ளே வரும்படி இராணுவம் கட்டளையிட்டது, வைட் பேர்ட் பள்ளத்தாக்கில் ஜூன் 17 ஆம் திகதி சண்டை தொடங்கியது. பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களுமாக ஏறக்குறைய 750 பேர், ஆயிரம் மைலுக்கு மேல் மலையாலும் ஆற்றாலும் போய், கனடா எல்லைக்கு 40 மைல் இருக்கும்போது ஒக்டோபர் 5 ஆம் திகதி பிடிபட்டார்கள். அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான ஜோசப்பைத் தன் பள்ளத்தாக்கில் வாழ அரசாங்கம் கடைசிவரை விடவே இல்லை. 1904 இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு ஒதுக்கிடத்தில் இறந்தார். தெற்கே இதைவிட மோசம். 1863 ஜனவரி 29 ஆம் திகதி கடும் குளிரில், 'பெயர்' (Bear, கரடி) என்ற ஆற்றின் கரையில் கூடாரமடித்திருந்த ஷோஷோனி மக்கள்மீது படை பாய்ந்தது, கொல்லப்பட்டவர்கள் 250 க்குக் குறையாது என்றும் 400 வரை இருக்கும் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். உள்நாட்டு யுத்தச் செய்திகளுக்குள் அது அமுங்கிப்போய், நூறு வருடத்துக்கு மேல் பலருக்குத் தெரியாமலே இருந்தது.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். ஐடஹோவின் தென்பாதியில் பிறை வடிவில் ஒரு சமவெளி கிடக்கிறது, ஸ்நேக் ஆற்றுச் சமவெளி. இன்று யெலோஸ்டோனுக்குக் கீழே இருக்கும் எரிமலைச் சூடு ஒரு கோடி வருடத்துக்கும் மேலாக இந்த வழியாக நிலத்தைச் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறது, உண்மையில் நகர்வது மேலே இருக்கும் கண்டத்தட்டு, சூடு நின்ற இடத்தில் நிற்கிறது. அதனால் சமவெளி முழுக்க எரிமலைப் பாறை. 'கிரேட்டர்ஸ் ஒஃப் த மூன்' என்ற இடத்தில் கடைசியாக எரிகுழம்பு ஓடி 2,000 வருடம்தான் ஆகிறது. போய்சியில் நிலத்தடி வெப்பத்தைப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள், 1892 இலிருந்து நிலத்தடி வெந்நீரைக் குழாயில் எடுத்து வீடுகளைச் சூடாக்குகிறார்கள், மாநிலச் சட்டசபைக் கட்டடத்துக்கும் அதே வெந்நீர்தான். கன்னியாவில் ஏழு கிணற்றில் குளித்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஒரு செய்தியே போதும், பாடத்தைக் கவனித்துக் கேட்பார்கள்.

அந்தச் சமவெளியில் வருடத்துக்கு விழும் மழை சுமார் 10 அங்குலம். திருகோணமலையில் 60 அங்குலத்துக்கு மேல். அப்படியானால் உருளைக்கிழங்கு எப்படி விளைகிறது? மலையில் மாரிகாலத்தில் விழும் பனிதான் அவர்களுடைய சேமிப்பு. எங்களுக்கு வாடைக்காற்று மழை குளத்தை நிரப்புவது போல அவர்களுக்கு மே, ஜூனில் பனி உருகி ஆறு நிரம்பும். அந்தத் தண்ணீரைத் தடுத்து வாய்க்காலில் விட்டால்தான் பயிர். 1894 இல் ஒரு சட்டம், தனியார் பணத்தில் வாய்க்கால் வெட்டி நிலத்தைக் குடியேறிகளுக்கு விற்கலாம் என்று. அதன்கீழ் 1905 இல் மில்னர் அணை கட்டி ட்வின் ஃபால்ஸ் பக்கம் முழுவதையும் வயலாக்கினார்கள். 1902 இல் மத்திய அரசே நீர்ப்பாசனத்தில் இறங்கியது, 1906 இல் மினிடோகா அணை முடிந்தது. அமெரிக்கன் ஃபால்ஸ் என்ற ஊரை 1925 வாக்கில் முழுதாகத் தூக்கி மேட்டுக்கு மாற்றினார்கள், பழைய ஊர் இருந்த இடம் நீர்த்தேக்கத்துக்குள். பகலில் வெயில், இரவில் குளிர், எரிமலை மண், நேரத்துக்குத் தண்ணீர், இந்த நான்கும் சேர்ந்ததால்தான் இன்று அமெரிக்காவின் உருளைக்கிழங்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே விளைகிறது.

இதில் நான் மாணவர்களுக்கு நேரம் எடுத்துச் சொல்வது தண்ணீர் உரிமையைப் பற்றி. அங்கே சட்டம், யார் முதலில் தண்ணீரை எடுத்துப் பயிர் செய்தாரோ அவருக்கே முதல் உரிமை. தண்ணீர் குறைந்தால் பங்கிட்டுக் குறைப்பதில்லை. 1900 ஆம் ஆண்டு உரிமைக்காரர் தன் அளவை முழுதாக எடுப்பார், 1950 ஆம் ஆண்டு உரிமைக்காரரின் மதகு மூடப்படும். எங்கள் குளங்களில் தண்ணீர் போதாத சிறுபோகத்தில் கமக்காரர் எல்லோரும் கூடிக் கதைத்து, விதைக்கும் ஏக்கரைக் குறைத்து, இருக்கிற தண்ணீர் பாயக்கூடிய நிலத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுச் செய்கிறோம். சண்டை வரும், கூட்டத்தில் கதிரை தூக்கினவர்களும் உண்டு, ஆனாலும் எங்கள் முறை நியாயமானது என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் வாய்க்காலின் கடைசி வயல்காரனுக்கும் ஒரு பிடி நெல் கிடைக்கும். அதேநேரம் அவர்களிடம் எங்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. ஸ்நேக் ஆற்றுப் படுகையில் யாருக்கு எவ்வளவு தண்ணீர், எந்த வருடத்திலிருந்து என்று ஒவ்வொன்றாக விசாரித்து நீதிமன்றப் பதிவாக்க 1987 இல் தொடங்கினார்கள், 2014 இல் முடித்தார்கள், 158,000 க்கு மேற்பட்ட உரிமைகள். அந்த வழக்கில்தான் நெஸ் பெர்ஸ் மக்களுக்கும் ஒரு உடன்பாடு கிடைத்தது, அவர்களுடைய தண்ணீருக்கு வருடம் 1855 என்று எழுதப்பட்டது, அதாவது ஐடஹோ என்ற பிரதேசமே பிறப்பதற்கு முந்திய வருடம். நிலம் போனது போனதுதான், என்றாலும் வரிசையில் அவர்கள் முன்னால் நிற்கிறார்கள்.

நிலத்தடி நீரும் இதே கணக்கில் வருகிறது. கிழக்குப் பக்கத்தில் மலையிலிருந்து இறங்கும் சில ஆறுகள் எரிமலைப் பாறைக்குள் போய்க் காணாமல் போய்விடும், பிக் லொஸ்ட் ஆறு அதில் ஒன்று. அப்படி இறங்கும் நீரும், வயலுக்கு விட்ட நீரின் கசிவும் பாறை இடுக்குகளில் தேங்கி மெல்ல நகர்ந்து, மேற்கே ஹேகர்மன் பக்கம் ஆற்றின் செங்குத்துக் கரையில் ஊற்றாகப் பாய்கின்றன, 'ஆயிரம் ஊற்று' என்றே அந்த இடத்துக்குப் பெயர். அமெரிக்காவில் பண்ணையில் வளர்க்கும் ட்ரவுட் மீனின் பெரும்பகுதி அந்தக் குளிர்ந்த ஊற்று நீரில் வளர்கிறது. வாய்க்காலில் தாராளமாகத் தண்ணீர் விட்ட காலத்தில் ஊற்றுகள் பெருகின. 1950 க்குப் பிறகு ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன, தெளிகருவிகள் வந்தன, கசிவு குறைந்தது, உறிஞ்சுவது கூடியது, ஊற்றுகள் மெலிந்தன. 2024 மே மாத இறுதியில் கிணற்றுத் தண்ணீரில் பிந்திய உரிமைக்காரர் சுமார் 5 இலட்சம் ஏக்கருக்கு இறைப்பதை நிறுத்தவேண்டும் என்று மாநில நீர்வளத் திணைக்களம் கட்டளை போட்டது, பயிர் நிலத்தில் நிற்கும்போதே. பிறகு பேசித் தீர்த்தார்கள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் வெங்காயத்துக்குக் கிணற்றை நம்பி இருப்பவர்களுக்கு இது எங்கோ நடக்கும் கதையாகத் தோன்றாது.

1942 ஐயும் சொல்லாமல் விட முடியாது. அந்த ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டதை எங்கள் ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அதே வருடம் ஆகஸ்டில் ஐடஹோவில் மினிடோகா முகாம் திறந்தது. சியாட்டிலிலும் போர்ட்லாந்திலும் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை, பலர் அங்கேயே பிறந்த அமெரிக்கப் பிரஜைகள், ஒரு குற்றமும் இல்லாமல் கொண்டுவந்து அந்த வறண்ட வெளியில் அடைத்தார்கள், உச்சக்கட்டத்தில் 9,000 பேருக்கு மேல். அவர்களைக் கொண்டு சீனிக்கிழங்கும் உருளைக்கிழங்கும் அறுவடை செய்வித்தார்கள், அங்கிருந்த கைதிகள் வெட்டவெளியைத் திருத்தி வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தார்கள். யுத்தம் முடிந்ததும் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அந்த நிலத்தைத் துண்டு துண்டாகச் சீட்டுக் குலுக்கி யுத்தத்தில் இருந்து திரும்பிய படைவீரர்களுக்குக் கொடுத்தார்கள். முகாம் என்றால் என்ன, தான் திருத்திய காணியில் இன்னொருவர் இருப்பது என்றால் என்ன என்று சம்பூர், மூதூர்ப் பக்கத்து மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

துறைமுக ஊர்க்காரர்களுக்கு லூயிஸ்டனைப் பற்றி ஒரு செய்தி. கடலில் இருந்து 465 மைல் உள்ளே, மலைகளுக்குள் இருக்கும் அந்த ஊர் ஒரு துறைமுகம்! கொலம்பியா ஆற்றாலும் ஸ்நேக் ஆற்றாலும் தட்டைப்படகுகள் மேலேறி வந்து கோதுமையை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகின்றன. எங்கள் துறைமுகத்தைக் கடலும் மலையும் சேர்ந்து செய்து தந்தன, அதை மனிதர் அணை கட்டிச் செய்தார்கள். கீழ் ஸ்நேக் ஆற்றில் வாஷிங்டன் மாநிலத்துக்குள் நான்கு அணைகள், கடைசியானது 1975 இல் முடிந்தது, படகு ஏற மதகறைகள் வைத்தார்கள். மீனுக்கு ஏணி வைத்தார்கள், அது போதவில்லை. ஐடஹோவின் நடுமலையில் 6,500 அடி உயரத்தில் ரெட்ஃபிஷ் ஏரி இருக்கிறது. கடலில் இருந்து 900 மைல் ஆற்றை எதிர்த்து ஏறிவந்து முட்டையிடும் சொக்கை சால்மன் மீன்களின் சிவப்பு நிறத்தால்தான் ஏரிக்கு அந்தப் பெயர். 1992 இல் அந்த ஏரிக்குத் திரும்பி வந்தது ஒரே ஒரு மீன். அதற்குப் பிறகு பொரிப்பகத்தில் வளர்த்துவிட்டுத்தான் இனத்தைக் காப்பாற்றி வருகிறார்கள். அணையை உடைக்கவேண்டும் என்று மீனவரும் நெஸ் பெர்ஸ் மக்களும், உடைத்தால் கோதுமை போக வழியில்லை என்று விவசாயிகளும் இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டு பக்கத்திலும் வயிற்றுப்பாடு இருக்கிறது. ஆனாலும் 1855 உடன்படிக்கையில் வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமை எழுதிக் கொடுக்கப்பட்டது, மீனே வராத ஆற்றில் அந்த உரிமையை வைத்து என்ன செய்வது என்று அவர்கள் கேட்பதற்கு எனக்கு மறுமொழி தெரியவில்லை.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுதவே காரணமான விஷயம். டீட்டன் அணை.

கிழக்கு ஐடஹோவில் டீட்டன் ஆற்றுக்குக் குறுக்கே மத்திய அரசின் நீர்ப்பாசன நிறுவனம் 305 அடி உயரத்தில் மண் அணை ஒன்றைக் கட்டி, 1975 கடைசியில் தண்ணீர் தேக்கத் தொடங்கியது. அடுத்த வசந்தத்தில் பனி அதிகம் உருகியது, பிரதான வெளியேற்றும் வழி இன்னும் முடிந்திருக்கவில்லை, நீர்மட்டம் நினைத்ததை விட வேகமாக ஏறியது. 1976 ஜூன் 3 ஆம் திகதி அணைக்குக் கீழே தெளிந்த நீர் கசிவதைக் கண்டார்கள். ஜூன் 5, சனிக்கிழமை, காலையில் கலங்கல் தண்ணீர். கலங்கல் என்றால் அணையின் மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம், எந்தக் குளக்கட்டுக் காவலாளிக்கும் இது தெரியும். புல்டோசர் இரண்டை அனுப்பித் துவாரத்தை அடைக்கப் பார்த்தார்கள், துவாரம் பெருத்து இரண்டு புல்டோசரையும் விழுங்கியது, ஓட்டியவர்களை மட்டும் இழுத்துக் காப்பாற்றினார்கள். பகல் 12 மணிக்கு மூன்று நிமிடம் இருக்க அணை உடைந்தது. முதல் தடவை நிரப்பும்போதே, முழுதாக நிரம்பாமலே உடைந்தது. வில்ஃபோர்ட், சுகர் சிட்டி, ரெக்ஸ்பர்க் என்று ஊர் ஊராக வெள்ளம் போனது, மரஆலையின் தடிகள் வெள்ளத்தோடு வந்து வீடுகளை இடித்தன, ஏறக்குறைய 13,000 மாடுகள் செத்தன. கடைசியில் நான் முன்னே சொன்ன அமெரிக்கன் ஃபால்ஸ் நீர்த்தேக்கம்தான் அந்த வெள்ளத்தைத் தாங்கி நிறுத்தியது. இறந்தவர்கள் 11 பேர். அவ்வளவு தண்ணீருக்கு இது மிகக் குறைவு. காலையிலேயே பொலிசுக்குச் சொல்லி, வானொலியில் அறிவித்து, சனத்தை மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். ரெக்ஸ்பர்க்கில் மேட்டில் இருந்த கல்லூரி அகதிகளுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தது.

அதற்குப் பத்து வருடம் கழித்து, 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி, விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. எங்கள் கதையில் குளக்கோட்டன் கட்டியது, சிங்கள வரலாற்றில் இரண்டாம் அக்கபோதி கட்டியது, யார் கட்டினாலும் ஆயிரம் வருடத்துக்கு மேல் நின்ற குளம். சனம் நித்திரையில் இருந்த நேரம். நூறு பேருக்கு மேல் செத்தார்கள், வீடும் வயலும் ஆடுமாடும் போனது வேறு. பகலில் உடைந்திருந்தால், யாராவது ஒருவர் முதல்நாளே ஓடித்திரிந்து சொல்லியிருந்தால் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இப்போதும் சொல்லி வருந்துவார்கள். வகுப்பில் டீட்டனையும் கந்தளாயையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டும்போது பிள்ளைகள் முதலில் கேட்பது, அங்கே அதன் பிறகு என்ன செய்தார்கள் என்றுதான்.

அங்கே உடனடியாகச் சுயாதீனக் குழு ஒன்றை நியமித்தார்கள், அதே 1976 டிசெம்பரில் அறிக்கை வெளியே வந்தது. அணையின் நடுவில் போட்டது காற்று அடித்துச் சேர்த்த நுண்மண், தண்ணீரில் சுலபமாகக் கரைவது. பக்கத்துப் பாறை முழுக்க வெடிப்பு. வெடிப்புகளைச் சரியாக அடைக்கவில்லை, கசிந்தால் மண்ணை அள்ளிப் போகாமல் தடுக்க இரண்டாவது பாதுகாப்பு எதுவும் வைக்கவில்லை. யார் எங்கே தவறினார்கள் என்று எழுத்தில் வைத்தார்கள். அணை கட்டியதை விடப் பல மடங்கு பணத்தை, 30 கோடி டொலருக்கு மேல், நட்டஈடாகக் கொடுத்தார்கள். 1978 இல் அந்த நிறுவனத்தின் பழைய அணைகளையெல்லாம் பரிசோதித்துத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். டீட்டன் அணையைத் திரும்பக் கட்டவில்லை, அதன் மிச்சம் இன்றும் பள்ளத்தாக்கில் குன்று மாதிரி நிற்கிறது, பொறியியல் படிக்கும் பிள்ளைகள் உலகம் முழுக்க அந்த அறிக்கையைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது இரண்டு விஷயம். ஒன்று, மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு மாநிலம் என்று நான்கு வரியில் ஓடாமல், மாதம் ஒன்றை எடுத்து, நல்ல வரைபடத்தோடு, ஆறும் மலையும் எங்கே, யார் முதலில் இருந்தார்கள், யார் வந்தார்கள், என்ன கட்டினார்கள் என்று முழுப் பக்கம் போடுங்கள். பொது அறிவுப் போட்டிக்குத் தலைநகர் பெயர் போதும், உயர்தரப் பிள்ளைக்குப் போதாது. எழுத ஆள் இல்லையென்றால் இங்கே திருகோணமலையில் மட்டும் நாலைந்து புவியியல் ஆசிரியர்கள் சம்பளமில்லாமல் எழுதித் தரத் தயாராக இருக்கிறார்கள்.

மற்றது, வரும் ஏப்ரல் 20 ஆம் திகதிக்குக் கந்தளாய் உடைப்பைப் பற்றி ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இப்போது ஐம்பதை ஒட்டி இருக்கிறார்கள், பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் மூவரிடமும் கேட்டு, எத்தனை மணிக்குச் சத்தம் கேட்டது, தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்தது, எதில் ஏறித் தப்பினார்கள், யார் வந்து முதலில் உதவினார்கள் என்று அவர்கள் சொல்லில் போடுங்கள். அதே பக்கத்தில் டீட்டன் குழு கண்டுபிடித்ததையும் சுருக்கமாகத் தமிழில் போட்டால், குளக்கட்டில் கலங்கல் கசிவு கண்டால் என்ன செய்யவேண்டும் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். குளத்துக்குக் கீழே உள்ள ஊர்களைக் குறித்த வரைபடத்தை நானே கீறித் தருகிறேன், மார்ச் முதல் வாரத்துக்குள் உங்கள் கைக்கு வரும்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர் ஒருவர்,
தம்பலகாமம், திருகோணமலை.